புதிய துடிப்பு முறையை வீட்டில் சோதிக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 63. பார்க்கின்சன் நோய் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன் மூளையின் இருபுறமும் மின்முனை பொருத்தி டி.பி.எஸ். எனப்படும் ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சை செய்தார்கள். கை நடுக்கம் அடியோடு நின்றது. மாத்திரையும் பாதியாகக் குறைந்தது. ஆனால் ஓராண்டாகப் பேச்சு குழறுகிறது. இரவில் கழிவறைக்குப் போகும்போது வாசலில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறார். இப்போது ஓர் ஆராய்ச்சிக் குழு அவரை அழைத்திருக்கிறது. புதிய துடிப்பு முறைகளைக் கருவியில் பதிந்து தருவார்களாம். ஒவ்வொன்றையும் சில வாரங்கள் வீட்டிலேயே பயன்படுத்திப் பார்க்க வேண்டுமாம். எந்த வாரம் எந்த முறை என்று சொல்ல மாட்டார்களாம். அவர் ஆவலாக இருக்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது. மருத்துவமனையில் செய்ய வேண்டியதை ஏன் வீட்டில் செய்கிறார்கள்? நள்ளிரவில் ஏதாவது ஆனால் என்ன செய்வது? இதற்கிடையில் ரிமோட்டில் மின்னோட்டத்தை அவரே கூட்டியும் குறைத்தும் பார்க்கிறார். கேட்டால், "என் தலைக்குள் இருப்பது, எனக்குத் தெரியாதா?" என்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் இந்த ஆய்வில் சேரலாம் என்பதே என் கருத்து. பின்னால் நான் சொல்லும் சில கேள்விகளுக்கு ஆய்வுக் குழு தெளிவாகப் பதில் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு இதைச் சொல்கிறேன். அதே நேரம், இன்றிலிருந்து அவர் ரிமோட்டில் தானாக மாற்றங்கள் செய்வதை நிறுத்த வேண்டும். வீட்டில் சோதிக்கலாம் என்று சொல்லிவிட்டு, வீட்டில் பட்டனை அழுத்தாதீர்கள் என்றும் சொல்கிறாரே என்று உங்களுக்குத் தோன்றலாம். விளக்குகிறேன்.

வீட்டில் ஏன் என்ற உங்கள் முதல் கேள்விக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பகல் பதினோரு மணிக்கு, மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில், அகலமும் வெளிச்சமும் உள்ள மருத்துவமனை நடைக்கூடத்தில் நடந்துகாட்டச் சொன்னால் உங்கள் கணவர் தடங்கலின்றி நடந்துவிடக்கூடும். டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணமே கவனத்தை முழுவதுமாகக் காலடிக்குக் கொண்டுவந்துவிடும். கவனம் காலில் இருக்கும்வரை, நடை உறைதல் எனப்படும் இந்தக் கால் ஒட்டிக்கொள்ளும் தொல்லை பலருக்கு வெளியே தெரிவதில்லை. இரவு மூன்று மணி, தூக்கக் கலக்கம், மாத்திரையின் வீரியம் இறங்கிவிட்ட நேரம், குறுகலான வாசல், அவசரம், இவை எல்லாம் ஒன்றுசேரும்போதுதான் கால் நிற்கிறது. அந்த நொடியை எந்த மருத்துவமனை அறையிலும் என்னால் வரவழைக்க முடியாது.

இன்னொரு காரணம் காலம் சம்பந்தப்பட்டது. கருவியின் அமைப்பை மாற்றினால் நடுக்கம் சில நொடிகளில் பதில் சொல்லிவிடும். தசை விறைப்பும் சில நிமிடங்களுக்குள் தளரத் தொடங்கும். அசைவு மந்தம் மாற இன்னும் நேரமாகும், சிலருக்கு மணிக்கணக்கில். நடை, நிலைதடுமாற்றம் போன்றவற்றின் உண்மையான மாற்றத்தைப் பார்க்க மணிகளும் நாட்களும் தேவை. தூக்கமும் மனநிலையும் அதைவிட மெதுவாகவே மாறும். அரை மணி நேரத்தில் முடியும் ஒரு சந்திப்பில் நாங்கள் விரல் தட்டச் சொல்வோம், மணிக்கட்டைச் சுழற்றிப் பார்ப்போம், பத்தடி நடக்கச் சொல்வோம். அந்த நேரத்துக்குள் பதில் தரும் அறிகுறிகளுக்கு ஏற்பத்தான் கருவி சரிசெய்யப்படுகிறது. உங்கள் கணவருக்கு நடுக்கம் முழுவதும் நின்று, நடையும் பேச்சும் பின்தங்கியதற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். நோயும் பன்னிரண்டு ஆண்டுகளில் முன்னேறியிருக்கிறது. ஆனால் இதற்கும் அதில் பங்கு இருக்கலாம்.

இனி அந்தப் புதிய துடிப்பு முறைகளைப் பற்றி. உங்கள் கணவரின் மார்புத் தோலுக்கடியில் இருக்கும் கருவி, வழக்கமான அமைப்பில் இருந்தால், நொடிக்கு ஏறத்தாழ 130 மின்துடிப்புகளை அனுப்பும். ஒவ்வொன்றும் சுமார் 60 மைக்ரோ வினாடி நீளம், எல்லாவற்றுக்கும் இடையில் ஒரே அளவு இடைவெளி. ஒரு நாளைக்கு இது ஒரு கோடிக்கும் அதிகமான துடிப்புகள். 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனபிட் என்ற அறுவை மருத்துவர், மூளையின் ஆழத்தில் உள்ள தாலமஸ் என்ற பகுதியில் வேகமான மின்துடிப்பு கொடுத்தால் நடுக்கம் நிற்பதைக் கண்டு இந்தச் சிகிச்சைக்கு வழி திறந்தார். 130 என்ற எண் எந்தச் சூத்திரத்திலிருந்தும் பிறக்கவில்லை. நூறுக்கு மேல் போனால் நடுக்கம் நிற்கிறது என்று நோயாளியின் கையைப் பார்த்தே கண்டறிந்தார்கள். அது நன்றாக வேலை செய்ததால் உலகம் முழுவதும் அந்த வட்டாரத்திலேயே நின்றுவிட்டோம். கண்ணுக்குத் தெரிந்த நடுக்கத்தை வைத்துத் தேர்ந்தெடுத்த எண், நடைக்கும் பேச்சுக்கும் உகந்ததாக இருந்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

ஆகவே ஆய்வாளர்கள் பல திசைகளில் தேடுகிறார்கள். நடை உறைதல் உள்ளவர்களுக்குத் துடிப்பை நொடிக்கு 60 அல்லது 80 ஆகக் குறைப்பது ஒரு வழி. சிலருக்கு இது நல்ல பலன் தருகிறது, சிலருக்கு அந்தப் பலன் சில வாரங்களில் தேய்ந்துவிடுகிறது, சிலருக்கு நடுக்கம் திரும்பி வருகிறது. துடிப்பின் நீளத்தை 30 மைக்ரோ வினாடியாகச் சுருக்குவது இன்னொரு வழி. பக்கத்து நரம்புப் பாதைகளுக்கு மின்சாரம் பரவிப் பேச்சு குழறுவதை இது சிலருக்குக் குறைக்கிறது. மூன்றாவது வழி, இடைவெளிகளையே மாற்றுவது: சில துடிப்புகள் நெருக்கமாக, பிறகு சிறிய இடைவெளி, மறுபடியும் நெருக்கமாக. எப்படி வேண்டுமானாலும் கலைத்துப் போட்டால் பலன் கெட்டுவிடும் என்பது முந்தைய ஆய்வுகளில் தெரிந்தது. ஆனால் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வாரன் கிரில் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒழுங்கற்ற சில முறைகள் விரல் தட்டும் சோதனையில் வழக்கமான முறையைவிட மேலாக இருந்தன. 2017இல் அவர்கள் கணினியைக் கொண்டு தேடிக் கண்ட ஒரு முறை, சராசரியாக நொடிக்கு 45 துடிப்புகளிலேயே அறிகுறிகளைக் குறைத்தது. துடிப்பு குறைந்தால் பேட்டரியும் கூடுதல் காலம் உழைக்கும்.

அந்த ஆய்வுகளில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பொருத்தியிருந்த கருவிகளால் அப்படிப்பட்ட விசித்திரமான துடிப்புகளை உருவாக்க முடியாது. அதனால் பேட்டரி மாற்றும் அறுவை சிகிச்சைக்காக நோயாளி படுத்திருக்கும்போது, கம்பியை வெளிக் கருவியோடு இணைத்துச் சில நிமிடங்கள் சோதித்தார்கள். படுத்திருப்பவரை நடக்கச் சொல்ல முடியாது. தூங்கச் சொல்லியும் பார்க்க முடியாது. விரலைத் தட்டச் சொல்லலாம், அவ்வளவுதான். வீட்டில் வாரக்கணக்கில் சோதிக்கும் ஆய்வுகள் இந்தக் குறையைப் போக்கத்தான் வருகின்றன. உங்கள் கணவரை அழைத்திருக்கும் ஆய்வும் இந்த வகை என்றால், அதன் நோக்கம் சரியானது என்பேன்.

மூளையின் சமிக்ஞையைக் கருவியே படித்துத் தூண்டலைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் முறையும் இப்போது வந்துவிட்டது. பார்க்கின்சன் நோயில், மின்முனையை வழக்கமாகப் பொருத்தும் இடமான சப்தாலமிக் நியூக்ளியஸ் என்ற ஆழ்மூளைப் பகுதியில் நொடிக்கு 13 முதல் 35 வரையிலான பீட்டா அலைகள் மிகுதியாக எழும். மருந்தும் தூண்டலும் அவற்றை அடக்கும். 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஐந்து நோயாளிகள் வீட்டில் அன்றாட வேலைகளைச் செய்யும்போதே 2,600 மணி நேரத்துக்கும் மேலாக இந்த அலைகள் பதிவு செய்யப்பட்டன. 2025இல் இவ்வகைத் தகவமைப்புத் தூண்டலுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் கிடைத்தது. உங்கள் கணவரின் ஆய்வில் இதுவும் ஒரு முறையாக இருக்குமா என்று கேளுங்கள். எல்லாக் கருவிகளாலும் இது முடியாது.

இப்போது ரிமோட்டுக்கு வருகிறேன். அவர் செய்வதன் பின்னால் இருக்கும் தவிப்பு எனக்குப் புரிகிறது. கால் நிற்கிறது, கையில் ஒரு பட்டன் இருக்கிறது, அழுத்தாமல் யாரால் இருக்க முடியும்? டாக்டர் குறித்துக் கொடுத்த எல்லைக்குள் சிறிது கூட்டிக் குறைக்க நோயாளிக்கு அனுமதி தரும் வழக்கமும் உண்டு. ஆனால் பேச்சு குழறும் ஒருவர் மின்னோட்டத்தைக் கூட்டினால் குழறல் பெரும்பாலும் அதிகமாகும். ஏனெனில் அந்தக் குழறலுக்கே மின்சாரம் பக்கத்துப் பாதைக்குப் பரவுவது காரணமாக இருக்கலாம். நடையும் சிலருக்குக் கெடும். இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. காலையில் கூட்டி, மதியம் மாத்திரை போட்டு, மாலையில் குறைத்து, இரவில் நன்றாக நடந்தால், அந்த நடைக்குக் காரணம் எது? கூட்டியதா, குறைத்ததா, மாத்திரையா, நன்றாகத் தூங்கிய மதியமா? அவரால் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, போதிய நாட்கள் காத்திருந்து, பழைய இடத்துக்குத் திரும்பும் வழியையும் வைத்துக்கொண்டால்தான் அது சோதனை.

"என் தலைக்குள் இருப்பது எனக்குத் தெரியாதா?" என்ற அவருடைய கேள்வி என்னைத் தொட்டது. நடுக்கத்தையும் விறைப்பையும் அவரைவிட யாரும் நன்றாக உணர முடியாது. ஆனால் இந்த நோயில் எதிர்பார்ப்புக்கு அசாதாரண சக்தி இருக்கிறது. 2001இல் கனடாவின் வான்கூவரில் நடந்த ஓர் ஆய்வில், மருந்து என்று நம்பி வெறும் உப்புக் கரைசலை ஊசியாகப் பெற்ற பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில், இந்த நோயில் குறைந்துபோகும் வேதிப்பொருளான டோபமின் உண்மையாகவே சுரந்தது. ஸ்கேன் படத்தில் அது தெரிந்தது. இதை ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். நம்பிக்கை அந்த நோயாளிகளின் மூளை வேதியியலையே மாற்றியது. ஆனால் புதிய முறை என்று தெரிந்தாலே சில நாட்கள் நடை நன்றாக இருக்கும், பிறகு இறங்கும். எந்த வாரம் எந்த முறை என்று குழு சொல்லாமல் இருப்பது இதற்காகத்தான். உங்களிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று வருந்த வேண்டாம். குழுவில் ஒருவருக்காவது எந்த நேரத்திலும் அது தெரிந்திருக்க வேண்டும், அவசரத்தில் உடனே சொல்ல வேண்டும். அதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆய்வு தொடங்கினால் உங்களுடைய வேலை பெரியது. நாட்குறிப்புத் தாள் தருவார்கள். அரை மணிக்கு ஒரு கட்டம் இருக்கும்: நன்றாக இயங்கினார், மருந்தின் வீரியம் இறங்கி முடங்கினார், கட்டுப்படாத அசைவுகள் வந்து தொல்லை கொடுத்தன, தூங்கினார் என்று குறிக்க வேண்டும். அந்தந்த நேரத்திலேயே குறித்துவிடுங்கள். இரவில் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பிய தாள் எங்களுக்குப் பெரிதாகப் பயன்படாது. அதோடு, குழு கேட்காவிட்டாலும் இதைச் செய்யுங்கள்: வாரம் இரண்டு நாள், மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து, கைப்பேசியில் வீடியோ எடுங்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ வேண்டும், வாசல் வழியாக அடுத்த அறைக்குப் போக வேண்டும், அங்கே திரும்பி வர வேண்டும், உட்கார்ந்ததும் ஒரே பத்தியை உரக்கப் படிக்க வேண்டும். திரும்பும்போது எத்தனை அடி வைக்கிறார் என்று பாருங்கள். சிரமமில்லாதவர் மூன்று நான்கு அடியில் திரும்பிவிடுவார், உறைதல் உள்ளவர் சின்னச் சின்ன அடியாகப் பலமுறை வைப்பார். அந்த வீடியோவில் தெரியும் வித்தியாசத்தை எந்த வினாத்தாளும் காட்டாது. காய்ச்சல், மலச்சிக்கல், தூக்கமில்லாத இரவு, வீட்டில் சண்டை, எது நடந்தாலும் தாளின் ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள். இவை ஒவ்வொன்றும் நடையைக் கெடுக்கும், பழி துடிப்பு முறையின் மேல் விழும். மாத்திரையின் அளவையும் நேரத்தையும் குழுவிடம் கேட்காமல் மாற்றவே கூடாது.

வாசலில் கால் நிற்பதற்கு ஆய்வு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தரையின் நிறத்திலிருந்து தனித்துத் தெரியும் ஒட்டுநாடாவைக் கோடு கோடாக ஒட்டி, இரவு முழுவதும் சிறு விளக்கு எரியவிடுங்கள். கோட்டைத் தாண்டுவதாக நினைத்து அடி வைத்தால் பலருக்குக் கால் எழும்பிவிடும். அந்த நேரத்தில் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். நின்று, மூச்சு விட்டு, எடையை ஒரு காலுக்கு மாற்றி, பிறகு அடி வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். பயப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, நீங்கள் நினைக்கும் இடம் அது இல்லை. கருவி அளவுக்கு மீறிய மின்சாரத்தைப் பாய்ச்சிவிடாதபடி எல்லைகள் வைத்துத்தான் தருவார்கள். வாய்க்கோணல், கண்ணில் இரட்டைப் பார்வை, கை கால் இழுப்பு, மதமதப்பு, இவை வந்தால் உங்களுக்கு உடனே தெரியும், தூண்டலால் வந்தவை என்றால் அமைப்பை மாற்றினால் போய்விடும். என் கவலை மெதுவாக வரும் மனமாற்றத்தைப் பற்றியது. சப்தாலமிக் நியூக்ளியஸ் மிகச் சிறிய இடம். அசைவைக் கவனிக்கும் பகுதியை ஒட்டியே உணர்ச்சியைக் கவனிக்கும் பகுதியும் இருக்கிறது. மின்சாரம் அங்கே தட்டினால் சிலர் காரணமில்லாத உற்சாகத்தில் மிதப்பார்கள், இரவு முழுவதும் பேசுவார்கள், கணக்கில்லாமல் செலவு செய்வார்கள், சூதாட்டத்தில் இறங்குவார்கள், சட்டென்று சீறுவார்கள். வேறு சிலர் சோர்ந்து, அழுது, எதிலும் நாட்டமில்லாமல் போவார்கள். உற்சாகத்தில் இருப்பவருக்குத் தான் மாறியிருப்பது தெரியாது. "இவ்வளவு நன்றாக நான் இருந்ததே இல்லை" என்பார், நடையும் உண்மையிலேயே நன்றாக இருக்கும். அதைக் கவனித்துச் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். அவர் கோபித்தாலும் குழுவுக்கு அன்றைக்கே சொல்லுங்கள். வாழ்க்கை வெறுத்துவிட்டது என்ற பேச்சு ஒரு முறை வந்தாலும், அந்த மணியிலேயே தொலைபேசியை எடுங்கள். இந்த ஏற்பாட்டை அவரிடம் இப்போதே, நிதானமாக இருக்கும்போதே பேசி ஒப்புக்கொள்ள வையுங்கள்.

நள்ளிரவில் மோசமானால் முதல் வேலை, பழைய அமைப்புக்குத் திரும்புவது. பழைய அமைப்பு ரிமோட்டிலேயே ஒரு தேர்வாகப் பதிந்திருக்க வேண்டும். அதற்கு மாற்றும் வழியை நீங்களும் கையால் செய்து பழக வேண்டும். கருவியை முழுவதும் அணைக்க நினைக்காதீர்கள். ஆண்டுக்கணக்கில் தூண்டலில் இருப்பவருக்கு அது திடீரென்று நின்றால் உடல் கட்டைபோல் விறைத்து, விழுங்கவும் முடியாமல், உயிருக்கே ஆபத்தான நிலைவரை போகலாம். பழைய அமைப்புக்குத் திரும்பியும் விறைப்பு தளராவிட்டாலோ, குழப்பமாகப் பேசினாலோ, விழுந்து தலையில் அடிபட்டாலோ, ஆய்வுக் குழுவின் அழைப்புக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள்.

நீந்தும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்தி வையுங்கள். 2019இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலிருந்து ஒரு மருத்துவக் குழு, முன்பு நன்றாக நீந்திய ஒன்பது பேர் இந்தச் சிகிச்சைக்குப் பிறகு நீந்தும் திறனை இழந்ததைப் பதிவு செய்தது. நடை சீராகியிருந்தவர்கள்கூட நீரில் கை காலை ஒத்திசைக்க முடியாமல் தவித்தார்கள். ஒவ்வொரு முறை மாறும்போதும் முதல் சில நாட்கள் வண்டி ஓட்டுவதும் ஏணியில் ஏறுவதும் வேண்டாம்.

கையெழுத்துப் போடப் போகும் நாளில் நீங்களும் உடன் செல்லுங்கள். இப்போதைய அமைப்பை ஏற்கெனவே முழுமையாகச் சரிசெய்து பார்த்துவிட்டார்களா என்று முதலில் கேளுங்கள். சாதாரணமாகவே மின்முனையின் வேறு தொடர்புப் புள்ளிக்கு மாற்றினால் பேச்சு தெளிந்துவிடலாம், ஆய்வே தேவைப்படாமலும் போகலாம். புதிய அறுவை சிகிச்சை எதுவும் உண்டா, இருக்கும் கருவியே போதுமா என்று கேளுங்கள். மருத்துவ நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தைப் பாருங்கள். இரவில் அழைத்தால் எடுப்பது யார், கருவியை மாற்றத் தெரிந்தவரா, வெறும் செய்தி வாங்கி வைப்பவரா? பாதியில் விலகினால் வழக்கமான சிகிச்சையில் எந்தக் குறையும் வராது என்பதை எழுதித் தருவார்களா? ரிமோட்டில் இதுவரை அவராகச் செய்த மாற்றங்களையும் அன்றைக்கே மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அடிப்படை நிலை அதைப் பொறுத்திருக்கிறது.

கடைசியாக, பலரும் கேட்க மறக்கும் கேள்வி. சோதித்த முறைகளில் ஒன்று அவருக்கு நன்றாகப் பொருந்தி, கால் நிற்காமல் நடக்கிறார் என்று வையுங்கள். ஆய்வு முடிந்ததும் அந்த முறை அவருக்குத் தொடருமா, கருவியிலிருந்து எடுத்துவிடுவார்களா? தொடர்ந்தால் அதைப் பராமரிப்பது யார், பேட்டரி தீர்ந்தால் அதே முறையைத் தரக்கூடிய கருவி கிடைக்குமா? நன்றாக நடந்த ஒருவரிடமிருந்து அந்த நடையைத் திரும்ப வாங்குவது கொடுமை. தொடர முடியாது என்பதே அவர்கள் பதிலானால், அதைத் தெரிந்துகொண்டு சேர்வதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யட்டும். பதிலே எழுத்தில் வராவிட்டால், கையெழுத்துப் போட வேண்டாம்.